நீ கேட்ட வெள்ளைக் கோட்டு

சேகரா,

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. தபால்காரன் சைக்கிள் மணியை அடித்தபோது நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு ஓடிப்போய் வாங்கியதில் உன் முதல் வரி கொஞ்சம் கலைந்துவிட்டது. பரவாயில்லை, நாலு முறை படித்துவிட்டேன், எல்லாம் மனப்பாடம். கோலாலம்பூரில் குரல் பரீட்சை வைத்தார்களாம், வந்த கூட்டத்தில் உன்னைத்தான் எடுத்தார்களாம், இனிமேல் டெலிவிஷனில் ஒரு சத்துமாவு டின்னுக்குத் தமிழில் விளம்பரம் சொல்லப் போகிறவன் நீதானாம். அப்பாவின் தொண்டை அப்படியே உனக்கு வந்திருப்பதாக அங்கே எல்லாரும் சொல்கிறார்களாம். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "உங்களுடைய அந்த வெள்ளைக் கோட்டு பத்திரமாக இருந்தால் அனுப்பி வையுங்கள் அப்பா. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு நிற்க ஆசை. ராசியான கோட்டு."

ராசியான கோட்டு! அதைப் படித்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நல்லது, சந்தோஷம், என் ஆசீர்வாதம் என்று மூன்று வரி கிறுக்கித் தபாலில் போட்டிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் கோட்டைப் பற்றிப் பேசினால் உன் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். அம்மாவைப் பற்றிப் பேசினால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகு நீ இந்த வீட்டு வாசலை மிதிப்பாயோ மாட்டாயோ, தெரியாது. எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான். அந்தப் பயத்தில்தான் மூன்று வருடமாக வாயைத் திறக்கவில்லை. வாயால் பிழைத்தவன் உன் அப்பன். அவன் வாயை மூடிக்கொண்டு மூன்று வருடம் உட்கார்ந்திருந்தான் என்றால் அது எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

வேன் உனக்கு மறந்திருக்காது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மெர்டேக்கா கொண்டாடிய மறுவருடம் நான் அந்தச் சத்துமாவுக் கம்பெனியில் சேர்ந்தேன். மேலே இரண்டு ஒலிபெருக்கி, உள்ளே படம் காட்டும் மெஷின், பின்னால் பெட்டி பெட்டியாக மஞ்சள் டின். மாலையானால் ஆயர் குரோ பக்கத்து எஸ்டேட்டுகள், மலாய்க்காரர்களின் கம்போங் கிராமங்கள், புதுக் குடியிருப்புகள் என்று சுற்றுவோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டி இலவசமாகப் படம் போடுவோம். படச்சுருள் மாற்றும் இடைவெளியில் நான் வெளியே வருவேன். பெரிய தவலையில் வெந்நீர் ஊற்றி, மாவைக் கொட்டி, டின் பாலைக் கவிழ்த்து, துடுப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டே மூன்று பாஷையில் பேசுவேன். தமிழ், மலாய், கொஞ்சம் ஹொக்கியன் சீனம். "அண்ணே, அக்கா, இங்க பாருங்க! காலையில ஒரு கோப்பை, நாள் முழுக்கத் தெம்பு!" என்று நான் கத்தினால் லயத்து வீட்டில் படுத்திருப்பவனும் எழுந்து வருவான். நீ பள்ளி விடுமுறையில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்து, நான் பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்லி டிரைவரைச் சிரிக்க வைப்பாய். அந்த ஜனங்களுக்குத் தேவை நல்ல மீனும் கீரையும் ஒரு நாள் ஓய்வும். நான் கொடுத்தது இனிப்புத் தண்ணீர். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. பொய் சொல்ல மாட்டேன், கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பேசுகிறவன் வெள்ளைக் கோட்டு போட்டிருக்க வேண்டும் என்று ஒருநாள் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. துணியை மட்டும் கொடுத்தார்கள். உன் அம்மா அதைக் கை மெஷினில் தைத்தாள். நெஞ்சில் ஒரு பை, இடுப்பில் இரண்டு பை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சோப்புப் போட்டுத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கரி இஸ்திரியில் தேய்த்து மடித்துக் கொடுப்பாள். முதல் நாள் நான் போட்டுக் காட்டியபோது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "ஏங்க, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரு தோத்துட்டாரு போங்க. ஆனா ஊசி போடச் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தாள். நான் எத்தனாவது படித்தவன், ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலிலேயே எப்படி நடுங்குவேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கோட்டின் பட்டனை அறுந்த போதெல்லாம் தைத்தவள் அவள். இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

பிறகு டெலிவிஷன் வந்தது. படம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் வேனுக்கு எவன் வருவான்? வேலை போய்விடுமோ என்று நான் கலங்கியிருந்த சமயத்தில்தான் கம்பெனி என்னைத் தமிழ் விளம்பரத்துக்குக் கூப்பிட்டது. கோலாலம்பூருக்குப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் வியர்த்துக் கொட்டியது. அங்கே இருந்த ஆளிடம், "நான் டாக்டரில்லைங்களே, ஜனங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவன் என் கோட்டின் காலரைச் சரி செய்துகொண்டே, "நீங்க டாக்டர்னு சொல்லவே வேணாம். கோட்டு போட்டுக்கிட்டு நின்னா போதும்," என்றான். எவ்வளவு சுலபமாகச் சொன்னான் பார்! நானும் நின்றேன். கோப்பையைத் தூக்கினேன், ஒரு வாய் குடித்தேன், சிரித்தேன், தெம்பு என்றேன். அவ்வளவுதான் வேலை. வீட்டுக்கு வரும்போது கம்பெனிச் செலவில் ஒரு டெலிவிஷன் பெட்டியும் கூடவே வந்தது. நாலு காலும், இழுத்து மூடும் மரக்கதவும் உள்ள அந்தப் பெட்டியை நீதான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

காஜா பெராங்கில் நம் சந்து என்ன ஆட்டம் போட்டது என்று நீ பார்த்தாய். மாலை ஆறு மணிக்கு நம் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த வீட்டு பீபி, அதுதான் செட்டிக் கம்போங்கிலிருந்து கல்யாணமாகி வந்த அந்தக் கிழவி, தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் செட்டி ஜனங்கள் மலாய்தான் பேசுவார்கள், பீபிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் என் விளம்பரம் வந்தால் முதலில் கை தட்டுவது அதுதான். வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வாயோடு போகக்கூடாது என்று உன் அம்மா ஒரு பானை நிறைய மஞ்சள் டின் மாவைக் கலக்கி எல்லாருக்கும் ஊற்றுவாள். கம்பெனி டின்தான் மூலையில் குவிந்து கிடந்ததே. கடைசியில் பானையில் மிச்சம் இருப்பதைக் கொட்ட மனசு வராமல் அவளே குடிப்பாள். தினமும் அப்படித்தான். முன்பெல்லாம் சாயங்காலம் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு நடந்தே வருவாள். பெட்டி வந்த பிறகு அந்த நடை நின்றது. "ஆறு மணிக்கு ஆளுங்க வருவாங்களே, நான் எப்படிங்க போறது?" என்பாள். பீபியின் பேரப்பிள்ளைகள் மீனும் சோறும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு மஞ்சள் டின் கேட்டு அழுதார்கள். எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

சந்தில் என்னை "டாக்டரு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேலிக்குத்தான். காப்பிக்கடையில் "டாக்டருக்கு ஒரு நாற்காலி போடுப்பா!" என்பான் ஒருத்தன். நானும் தோளைக் குலுக்கிக்கொண்டு உட்காருவேன். ஒருநாள் செமாபோக்கிலிருந்து ஒருவர் கால் வீங்கிய தன் தாயைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "ஐயா, டெலிவிஷன்ல பார்த்தோம், நீங்கதான் பார்த்துச் சொல்லணும்," என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் வேன்காரன், டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியிலயும் ஒரு தடவை காட்டிடுங்க," என்றேன். அந்த "லயும்" என்பதில் இருந்த திமிரைக் கவனித்தாயா? அதோடு விடவில்லை. ஒரு டின்னையும் கையில் கொடுத்து அனுப்பினேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. உள்ளே உன் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. பெருமையாகப் பார்த்தாள். அப்போதுதான் அவளும் என்னை நம்ப ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். பட்டன் தைத்தவளே நம்பிவிட்டாள் என்றால், எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு வந்து உட்காருகிறவன் நம்பியதற்கு அவனைக் குறை சொல்ல முடியுமா?

நீ வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் போன பிறகு வீடு காலியாகிவிட்டது. நான் வாரத்தில் நாலைந்து நாள் வேனோடு ஜொகூர் வரைக்கும் போய்விடுவேன். அவரவர் வீட்டிலும் பெட்டி வாங்கிவிட்டார்கள், கூடமும் காலியாகிவிட்டது. உன் அம்மா தனியாக உட்கார்ந்து, ஆரம்பப் பாட்டு முதல் நிலையத்தை மூடும் கடைசிப் பாட்டு வரைக்கும் பார்ப்பாள். மலாய்ச் செய்தி, சீன நாடகம், எது ஓடினாலும் பார்ப்பாள். நடுவில் நான் வருவேன் அல்லவா, அதற்காக. ஒரு தடவை வீட்டில் இருந்தபோது நானே பார்த்தேன். பெட்டிக்குள்ளே நான் கோப்பையைத் தூக்க, இந்தப் பக்கம் அவளும் தன் கோப்பையைத் தூக்கினாள். நான் குடிக்க, அவளும் ஒரு வாய் குடித்தாள். "என்ன இது விளையாட்டு?" என்றேன். "நீங்க ஊர்ல இல்லாத நாள்லயும் சாயங்காலம் ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போற மாதிரி இருக்குங்க," என்றாள். எனக்கு அது இனித்தது, மடையன் எனக்கு.

அப்புறம் அவளுக்குத் தாகம், களைப்பு, அடிக்கடி சிறுநீர். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி என்றார்கள். டாக்டருக்கு உதவியாக இருக்கும் தமிழ் தெரிந்த டிரஸர் அன்றைக்கு லீவு. டாக்டர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். மூன்று பாஷை பேசுகிற உன் அப்பன்தான் பக்கத்தில் இருக்கிறானே, நானே இரண்டு பக்கமும் சொன்னேன். தினமும் என்ன சாப்பிடுகிறாய், என்ன குடிக்கிறாய் என்று கேட்டார். "மஞ்ச டின்னு மாவு, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, டின் பால் ஊத்தி," என்றாள். நான் அப்படியே மலாயில் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முதலில் நிறுத்த வேண்டியது அதுதான், அந்த மாவும் பாலும் முழுக்கச் சர்க்கரை, இந்த அம்மாவுக்கு அதைப்போலக் கெடுதல் வேறு இல்லை, சோற்றைக் குறைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "டெலிவிஷனில் வருகிறவர் நீங்கள்தானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் சீட்டு எழுதத் தொடங்கினார்.

"என்னங்க சொல்றாரு?" என்றாள் உன் அம்மா.

"சீனி குறைக்கணுமாம். சோத்தைக் குறைக்கணுமாம். மாத்திரை தர்றாராம்."

"மாவு?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

சேகரா, இதுதான் நான் செய்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். ஊரெல்லாம் மூன்று பாஷையில் கத்தியவன், பெண்டாட்டியின் உயிருக்காக டாக்டர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டேன். ஏன் என்று நீ கேட்பாய். அவளுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. அந்த டாக்டர் பார்த்த பார்வை என்னைச் சுட்டது. நான் தூக்கிக் காட்டுகிற கோப்பை என் வீட்டிலேயே விஷம் என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேன் கிளம்பிவிட்டது. பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்: இவ்வளவு பெரிய கம்பெனி, டெலிவிஷனில் காட்டுகிறார்கள், சத்து இல்லாமலா இருக்கும்? என் பேச்சை நானே நம்பினேன். அவள் களைப்பாக இருக்கிறது என்றபோது, "தெம்பு இல்லன்னா இன்னொரு கோப்பை குடி," என்று கூடச் சொன்னேன். இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செருப்பு கடித்து அவள் காலில் ஒரு புண் வந்தது. வலிக்கவே இல்லையாம் அவளுக்கு, அதனால் கவனிக்கவில்லை. நாளாக நாளாக அது ஆழமாகிவிட்டது. தினமும் கழுவிச் சுத்தமான துணியில் கட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் நான் வெளியூரிலிருந்து வந்து, காலைக் கழுவலாம் என்று கட்டை அவிழ்த்தேன். நல்ல வெள்ளைத் துணி. நீலம் போட்ட துணி. ஒரு ஓரத்தில் பட்டன் துளை இருந்தது. எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் என் வாயில் முதலில் என்ன வந்தது தெரியுமா? "அடிப்பாவி, கோட்டைக் கிழிச்சிட்டியா? திங்கக்கிழமை நான் எதைப் போட்டுக்கிட்டுப் போறது?" என்று கத்தினேன். அவள் பதறவில்லை. "வீட்ல வேற வெள்ளைத் துணி இல்லங்க. இதுதான் சுத்தமான துணி, என் கையால துவைச்சது. டாக்டரு கோட்டுதானே, காலுக்கு நல்லதுதான்," என்று சிரித்தாள். நான் கம்பெனிக்கு ஓடினேன், வேறு கோட்டு வாங்க.

கால் கறுத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்தத் தமிழ் டிரஸர் இருந்தார். கெட்டிக்காரர், நல்ல மனுஷர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்த டின்னு மாவை நிறுத்திட்டீங்களா? மொத நாளே டாக்டரு வேணாம்னு சொல்லி இதுல எழுதியிருக்காரே," என்றார். உன் அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்த நேரம் கொஞ்சம்தான் இருக்கும், எனக்கு அது இன்னும் முடியவில்லை. பிறகு டிரஸரிடம் திரும்பி, "இவரு அன்னைக்கே சொன்னாருங்க. நான்தான் நாக்கை அடக்கல," என்றாள். டிரஸர் அவளை இரண்டு வார்த்தை கண்டித்துவிட்டுப் போனார். என்னைக் கண்டிக்க அங்கே யாரும் இல்லை. அவர் போன பிறகு நான் அவள் கையைப் பிடித்தேன். "வீட்ல சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் இருந்த பதினோரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல். நீ வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இல்லை. "அம்மா வாயைக் கட்டவே இல்லையாமே, டிரஸர் சொன்னாரு," என்று நீ என்னிடம் அழுதாய். நான் "ஆமாம்" என்றேன். செத்துப்போனவள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு, உன் தோளில் கையை வைத்து உனக்கு ஆறுதலும் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் உனக்கு ஞாபகம் இருக்கும். சாயங்காலம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். நம் பெட்டியை மூடி வைத்திருந்தோம், ஆனால் எதிர்வீட்டில் திறந்திருந்தது. அங்கிருந்து என் குரல் வந்தது. "காலையில ஒரு கோப்பை, நாள் முழுக்கத் தெம்பு!" உறவுக்காரப் பிள்ளைகள் "ஐ, தாத்தா! தாத்தா டிவில!" என்று எதிர்வீட்டுக்கு ஓடினார்கள். நீ எழுந்துபோய் அந்த வீட்டுக்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாய். அம்மா நினைவு வந்து அப்பா அழுகிறார் என்று நினைத்தாய். அதற்குப் பிறகும் பல மாதம் அந்த விளம்பரம் ஓடியது. அவள் இல்லாத சந்தில், தினமும் சாயங்காலம், நான் சிரித்துக்கொண்டு எல்லாருக்கும் தெம்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். அதோடு வேலையை விட்டேன். நெஞ்சு வலி என்று உனக்கு எழுதினேனே, அது பொய். பெட்டியின் மரக்கதவை இழுத்து மூடினேன். இன்றுவரை திறக்கவில்லை.

இப்போது என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்பதில்லை, நானும் எழுதுவதில்லை. காலையில் பசாருக்குப் போய்க் கொஞ்சம் மீன், ஒரு கட்டுக் கீரை. ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் எனக்குக் கை வரவில்லை, எப்போதும் இரண்டு ஆளுக்கு ஆகிவிடுகிறது. காப்பிக்கடையில் சீனியும் பாலும் இல்லாமல் தே ஓ கோசோங் சொன்னால் புதுப் பையன் "டாக்டரு, கசக்குமே?" என்கிறான். அந்தப் பேர் மட்டும் போகமாட்டேன் என்கிறது. மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் சத்தம் கேட்கும், நம் வீட்டில் மட்டும் கேட்காது. பீபி வேலிப்பக்கம் வந்து "சுடா மாக்கான்?" என்று கேட்கும். சாப்பிட்டாகிவிட்டதா என்று என்னைக் கேட்க இப்போது அந்த ஒரு கிழவிதான் இருக்கிறது. சாப்பிடாவிட்டாலும் ஆகிவிட்டது என்பேன். இல்லை என்றால் ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது.

நான் மாவின் மேல் கோபப்படவில்லை, புரிந்துகொள். ஓடியாடுகிற பிள்ளை எப்போதாவது ஒரு கோப்பை குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நீ பெட்டிக்குள் நின்று பேசும்போது இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. வேனில் நின்றபோதாவது எனக்கு முகங்கள் தெரிந்தன. பெட்டிக்குள் விளக்குதான் தெரியும். புருஷன் ஊரில் இல்லாத ஒருத்தி தனியாக உட்கார்ந்திருப்பாள். கால் வீங்கிய ஒரு தாய் இருக்கும். நீ கோப்பையைத் தூக்கினால் அவர்களும் தூக்குவார்கள். சொன்ன வார்த்தைக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம், போட்டுக்கொண்டு நின்ற கோட்டுக்கு எப்படிப் பதில் சொல்வாய்? என்னால் முடியவில்லை. உன்னைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தச் சம்பளத்தில் வளர்ந்தவன் நீ, அந்தச் சம்பளத்தில் தின்றவன் நான். இருந்தாலும் சொல்கிறேன். வேண்டாம்டா சேகரா. செய்தி வாசி, நாடகத்தில் நடி, பந்து விளையாட்டுக்குப் பேசு, அந்தத் தொண்டைக்கு வேலையா இல்லை? இது மட்டும் வேண்டாம். என் மேல் கோபம் வந்து, இந்தக் கிழவன் சொல்லி நான் என்ன கேட்பது என்று அதற்காகவே போய் நின்றுவிடாதே. கோபத்தை என்னிடமே காட்டு. வந்து நேரில் திட்டு, வாசலில் நின்று திட்டினாலும் சரி. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ கேட்ட கோட்டு இல்லை. உன் அம்மாவின் காலில் அது கட்டுக் கட்டாகப் போய், ஆஸ்பத்திரி வாளியில் விழுந்து எரிந்துவிட்டது. தையல் பெட்டியில் நெஞ்சுப் பை மட்டும் மிச்சம் கிடந்தது. இரட்டைத் துணியாக இருந்ததால் புண்ணுக்கு உறுத்தும் என்று அவள் ஒதுக்கி வைத்திருப்பாள். ஓரத்தில் பேனா மை கசிந்த கறை இருக்கும், தையல் எல்லாம் அவள் கை. அதை இந்த உறைக்குள் வைத்து அனுப்புகிறேன். ராசி வேண்டும் என்றால் இதுதான் இருக்கிறது, வைத்துக்கொள்.

உன் விளம்பரம் அடுத்த மாதத்திலிருந்து வரும் என்று எழுதியிருக்கிறாய். சரி. ஒன்றாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அந்தப் பெட்டியைத் துடைத்து, கதவைத் திறந்து வைக்கப் போகிறேன். தினமும் கடைசிப் பாட்டு வரைக்கும் பார்ப்பேன். நான் பெட்டிக்குள் வந்தால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். எனக்கு நீ அதில் வராமல் இருக்கிற ஒவ்வொரு சாயங்காலமும் நீ வீட்டுக்கு வந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

அப்பா